கடத்திய நாட்களை என் கணக்கில் எழுதாதீர்கள்: மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அம்மாவுக்கும் உறுப்பினர்கள் நால்வருக்கும் வணக்கம்.

மனு எழுதுவது என் பிழைப்பு. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆறு வருடமாக டைப் அடிக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது மனு என் கை வழியாகப் போகும். "நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கி "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பதற்குள் யாருடைய துக்கமும் முக்கால் பக்கத்தில் அடங்கிவிடும். வளர்ப்பு வீட்டில் இருக்கும் என் மகளைத் திருப்பிக் கேட்கும் என்னுடையதையும் அப்படித்தான் ஏழு தடவை அடக்கிக் கொடுத்தேன். ஏழுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில் வந்தது இரண்டுக்கு. அதனால் எட்டாவதை நாலு பேர் படிக்கும்படி, பக்கக் கணக்கு பார்க்காமல் எழுதுகிறேன்.

பெயரும் ஊரும் போடவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்கிறது. அது நல்ல பிரிவு, அதை மீற எனக்கு மனசில்லை. கோப்பு எண் சொல்லாமலே நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மஞ்சள் கட்டைப்பையோடு, தண்ணீர் கேன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்.

முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

2024 மார்ச்சில் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், இரண்டு கிலோ எழுநூறு. வீட்டுக்காரர் எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே போய்விட்டார், அவரைப் பற்றி இந்த மடலில் இவ்வளவு போதும். துணைக்குப் பெரியம்மா மட்டும்தான், அறுபத்தெட்டு வயது, உட்கார்ந்தால் எழ முடியாத முட்டி. ஒன்பதாம் நாளிலிருந்து நான் தூங்கவில்லை. தூக்கம் வரவில்லை என்பதில்லை, தூக்கமே தேவையில்லை என்று இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் இறக்கி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள், தொட்டித் தண்ணீரில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. (அந்த உறுதியை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வெறும் சந்தேகமாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன்.) பன்னிரண்டாம் நாள் நடுராத்திரி குழந்தையை ஈரப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். என் உடம்பிலும் அந்தத் தண்ணீர்தானே ஓடுகிறது, பால் கொடுத்தால் அவளுக்கும் போய்விடும் என்று, அவள் கத்தக் கத்தக் கொடுக்காமல் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். டீக்கடை அண்ணன்தான் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் அடித்தார்.

அன்று குழந்தையை என் கையிலிருந்து வாங்கியது சரி. இதை எந்த விசாரணையிலும் மாற்றிச் சொல்லமாட்டேன். அந்த அண்ணனுக்கும், வந்த போலீஸ் அக்காவுக்கும், அன்று மதியமே ஆணை போட்ட அப்போதைய குழுவுக்கும் என் மகளின் உயிருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் வழக்கு அந்த மதியத்தைப் பற்றியது இல்லை, அதற்கு அப்புறம் வந்த இருபத்தொரு மாதத்தைப் பற்றியது.

பெரியம்மா அதற்குச் சன்னி என்று பெயர் வைத்திருந்தாள், அவளுடைய சின்னப் பாட்டிக்கு வந்ததாம். டாக்டர் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்று எழுதினார். ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், திடீரென்று வரும், மருந்துக்குக் கேட்கும். கேட்டது. மூன்றாவது வாரத்தில் தண்ணீர் வெறும் தண்ணீராகிவிட்டது. அப்புறம்தான் நான் செய்தது என்னவென்று எனக்குப் புரிய ஆரம்பித்தது, அந்த வாரத்தை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது, ஜாக்கெட்டெல்லாம் நனைந்து ஊறும். பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு அம்மா வெளியே போய் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார், பால் வற்றட்டும் என்று. மூன்று நாள் கட்டினார். பூ வாடி, பால் நாற்றமும் மல்லிகை வாசமும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். இன்றைக்கும் பூக்கடை வரிசை வந்தால் நான் எதிர்ப்பக்கமாகக் கடந்துவிடுவேன்.

அந்த நாற்பத்தொரு நாளில் என் குழந்தையை எனக்கு யாரும் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. அப்போது அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன், சட்டம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஒரு வருடம் கழித்து, கடையில் வேலை இல்லாத ஒரு மதியம் போனில் தேடியபோதுதான் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 கண்ணில் பட்டது. அதன் 21ஆம் பிரிவு, மனநல மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. தாயால் ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், ஆனால் அப்போதும் ஆள் துணையோடு அவள் குழந்தையைப் பார்க்க வழி இருக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும், ஒரேயடியாக முப்பது நாளைத் தாண்டினால் மேலிடத்து ஒப்புதல் வேண்டும். குழந்தை உங்கள் ஆணையில் இருந்ததால் இது எனக்குப் பொருந்தாது என்று ஒரு வக்கீல் சொன்னார், தாராளமாகப் பொருந்தும் என்று இன்னொருவர் சொன்னார். நான் தீர்ப்புச் சொல்லும் ஆள் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-லிருந்தே தாயையும் சேயையும் ஒரே வார்டில் சேர்த்து வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம்தான். 2024 மார்ச்சில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். நான் மனுவில் தேதி போட்டே பழகியவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூனில், டாக்டர் சான்றிதழோடு முதல் மனு கொடுத்தேன். இன்னும் கொஞ்ச காலம் நிலையாக இருந்து காட்டு என்றார்கள். நியாயம் என்று ஒத்துக்கொண்டேன். ஆகஸ்டில், என் மகளுக்கு ஐந்து மாதமானபோது, இல்லத்திலிருந்து ஒரு குடும்பத்துக்கு வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்து இல்லாமல் தற்காலிகமாக வளர்க்க, அனுப்பினீர்கள். ஆணையில் ஆறு மாதம் என்று தெளிவாக இருக்கிறது, நகல் என்னிடம் உண்டு. இல்லத்தில் கிடப்பதைவிட ஒரு வீட்டில் இருக்கட்டும் என்று எனக்கும் நிம்மதிதான். 2025 ஜனவரியோடு டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார், தவறாமல் காட்டுகிறேன். பிப்ரவரியில் ஆறு மாதம் முடிந்தது. மார்ச்சில் அப்போதைய குழுவின் மூன்றாண்டுக் காலமும் முடிந்துவிட்டது. புதிய குழு வரும்வரை பக்கத்து மாவட்டக் குழு கூடுதல் பொறுப்பில் பார்த்தது, அவர்களுக்குத் தங்கள் ஊர்க் கோப்புகளே தலைக்கு மேல். நான் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஆகஸ்டில் நீங்கள் வந்தீர்கள். என்னையும் என் வீட்டையும் நேரில் பார்த்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை புதிதாக வேண்டும் என்றீர்கள். செப்டம்பரில் ஆள் வந்தார், அக்டோபரில் அறிக்கை வந்தது, நவம்பரில் விசாரணை தள்ளிப்போனது, இப்போது டிசம்பர்.

இந்த அறிக்கையில்தான் இரண்டு வரி. ஒன்று: "வளர்ப்புக் குடும்பத்துடன் குழந்தைக்குப் பதினான்கு மாத காலப் பிணைப்பு ஏற்பட்டுள்ளது." இன்னொன்று: "பெற்ற தாயிடம் குழந்தை ஒட்டவில்லை."

அந்தப் பதினான்கு இன்றைக்குப் பதினாறாகிவிட்டது. பதினாறு மாதம் எப்படி வந்தது? ஆறு மாதம் நீங்கள் எழுதிய ஆணை. மிச்சம் பத்து மாதம் நாற்காலி காலியாக இருந்த காலம், கோப்பு அலமாரியில் இருந்த காலம், அறிக்கைக்கு ஆள் வராத காலம். அதில் ஒரு நாளைக்கூட நான் கடத்தவில்லை. கடத்தியது அலுவலகம், கடந்த நாள் மட்டும் என் பெயரில் பற்று எழுதப்படுகிறது. எங்கள் ஊரில் வட்டிக்கு விடுகிறவர்கள்கூடத் தாங்கள் வசூலுக்கு வராத மாதத்துக்கு அபராதம் போடுவதில்லை.

ஒட்டவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம், உங்கள் அலுவலகத்தில் பீரோவும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளும் அடுக்கிய அந்த அறையில். பதினாறு தடவை நடந்திருக்க வேண்டும். பணியாளர் விடுப்பு இரண்டு, அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்று, குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்று, மழை விடுமுறை ஒன்று போக, நடந்தது பதினொன்று. பதினொரு அரை மணி என்றால் ஐந்தரை மணி நேரம். இரண்டு சினிமா பார்க்கிற நேரம். அதற்குள் ஒட்டியிருக்க வேண்டுமாம். அதுவும் எப்படி, "ஆன்ட்டி வந்திருக்காங்க பாரு" என்று அவளுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்துவிட்டு.

அந்த அறையில் எப்படி இருப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் இரண்டு தடவை அழுதேன், "உணர்ச்சிவசப்படுகிறார்" என்று எழுதினார்கள். அப்புறம் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன், "குழந்தையிடம் பெரிய ஈடுபாடு காட்டவில்லை" என்று எழுதினார்கள். ஜூலையில் வேகமாகப் பேசிவிட்டேன், காத்திருக்க வைத்தே முக்கால் மணி நேரம் போய்விட்டதே என்று. அன்றைக்கு "பழைய நோயின் அறிகுறியா என்று கவனிக்கப்பட வேண்டும்". கோபம் வருகிற எல்லாருக்கும் கோபம் என்றே பெயர், ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிப் படியேறியவளுக்கு மட்டும் அறிகுறி. அந்த அறிக்கை எழுதியவர் எந்த மருத்துவச் சீட்டைச் சேர்த்திருக்கிறார் தெரியுமா? 2024 ஏப்ரல் டிஸ்சார்ஜ் சீட்டை. அதற்குப் பின் நான் கொடுத்த ஆறு சீட்டும் அதே கோப்பில்தான் இருக்கின்றன, இரண்டு பக்கம் தள்ளி.

வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒற்றை அறை, சிமெண்ட் ஷீட் கூரை, ஜன்னலுக்குக் கொசுவலை இல்லை, ஆண் துணை இல்லை. கொசுவலை மறுநாளே அடித்துவிட்டேன், அறுநூற்றைம்பது ரூபாய். ஆண் துணைக்கு எங்கே போவேன்?

வளர்க்கிற அக்காவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. இந்த மடலைப் படிக்கிற யாராவது அவரைத் திட்ட நினைத்தால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் பதினாலு வருடமாகக் குழந்தை இல்லை. என் மகளுக்கு நகம் வெட்டியிருக்கும், காது சுத்தமாக இருக்கும், தலை வாரி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும், ஒவ்வொரு முறையும். ஊசி அட்டையில் ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை, நானே பார்த்தேன். போன அக்டோபரில் நேரம் முடிந்து அவர் தூக்கிக்கொண்டு போகும்போது, பணியாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், மடித்த தாள் ஒன்றை என் கட்டைப்பையில் போட்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: "ராத்திரி 2 மணிக்கு எழுவாள். பால் வேண்டாம், தண்ணி போதும். கேழ்வரகுக் கூழில் வெல்லம் போட்டால் துப்பிடுவா, உப்புதான். மிக்சி சத்தத்துக்குப் பயம். இடது பக்கம் போட்டால்தான் தூங்குவா."

ஒரு பெண் எந்த மனசோடு இதை எழுதியிருப்பார் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும் தோன்றியது. உங்கள் அறிக்கையை எழுதியவரைவிட, நான் ஒருநாள் என் மகளைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று அந்த அக்கா நம்புகிறார். குழந்தை அவரைத்தான் அம்மா என்கிறது. கூப்பிடட்டும். என்னை வேறு எதுவாகக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

இதை ஏன் இப்போது பொதுவில் எழுதுகிறேன் என்றால், போன மாதம் விசாரணை தள்ளிப்போன அன்று நடைபாதையில் வைத்து உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் பரிவோடு பேசினார். உண்மையிலேயே பரிவுதான். "சின்ன வயசு, இன்னொரு வாழ்க்கை அமையும். ஒப்படைப்புப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடும்மா, அவங்களே தத்து எடுத்துக்குவாங்க, புள்ளையும் நல்லா இருக்கும்." வீட்டுக்கு வந்து இளைஞர் நீதிச் சட்டத்தைப் பிரித்துப் படித்தேன். கையெழுத்துப் போட்டாலும் மறுபடி யோசிக்க இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்று 35ஆம் பிரிவில் இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. 2024-ல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகளில், வளர்ப்புப் பெற்றோர் தத்தெடுக்க ஐந்து ஆண்டு என்றிருந்தது இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. யாருமில்லாத குழந்தைகளுக்கு அது நல்ல மாற்றம், ஐந்து வருடம் தொங்கலில் நிற்பது கொடுமை. ஆனால் என் மகளைச் சட்டப்படி தத்துக்கு விடுவித்து யாரும் ஆணை போடவில்லை, நான் உயிரோடு எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, கையெழுத்தும் போடாதபோது, போடவும் கூடாது என்றே நினைக்கிறேன். வரும் ஆகஸ்டோடு இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நாள் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருவனந்தபுரம் அனுபமாவின் வழக்கை நீங்களும் படித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் பிறந்த குழந்தை, சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிந்து மாநிலக் குழந்தைகள் நல கவுன்சிலின் அம்மத்தொட்டிலுக்கு, அதாவது வளர்க்க முடியாதவர்கள் பிள்ளையை விட்டுப்போகும் தொட்டிலுக்கு, போய்ச்சேர்ந்தது. தன் சம்மதமில்லாமல் பெற்றோரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். 2021 ஏப்ரலில் போலீசுக்குப் போனார். ஆகஸ்டில் குழந்தையை ஆந்திராவில் ஒரு தம்பதியிடம், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் கொடுத்துவிட்டார்கள். வழக்குப் பதிவானதே அக்டோபரில்தான். அப்புறம் குடும்ப நீதிமன்றம் தத்து நடவடிக்கையை நிறுத்தி வைத்தது, அவர் கவுன்சில் அலுவலக வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தார், குழந்தையை ஆந்திராவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து டிஎன்ஏ பார்த்தார்கள், நவம்பர் 24 அன்று வஞ்சியூர் குடும்ப நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தது. அன்று எல்லாரும் அந்தத் தாயின் முகத்தைத்தான் டிவியில் பார்த்தார்கள். எனக்கு அந்த ஆந்திர வீடுதான் கண்ணில் நின்றது. அவர்கள் செய்த தப்பு என்ன? ஏப்ரலிலேயே ஒருவர் பேனாவை எடுத்திருந்தால் அந்த வீட்டில் தொட்டிலே கட்டியிருக்கமாட்டார்கள்.

என் கதை அது இல்லை, தெரியும். என்னிடமிருந்து யாரும் திருடவில்லை. ஆனால் தாமதம் என்பது இரண்டு வீட்டையும் அறுக்கும் என்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்று.

நார்வேயிலும் இப்படி ஒரு தாய். 2008-ல் பிறந்த பையனைச் சில வாரத்திலேயே வளர்ப்புக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆண்டுக்குச் சில தடவைதான் பார்க்க விட்டார்கள், கடைசியில் வளர்த்தவர்களுக்கே தத்தும் கொடுத்தார்கள். ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2019 செப்டம்பரில் பதினேழு நீதிபதிகளில் பதிமூன்று பேர் அவர் பக்கம் நின்றார்கள். சந்திப்பையே அரிதாக்கி வைத்துவிட்டு, பழைய நிபுணர் அறிக்கையை நம்பி, திரும்பச் சேர்க்க உண்மையான முயற்சி எடுக்காமல் முடிவுசெய்தது தவறு என்றது தீர்ப்பு. என் கோப்பைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பையனுக்குப் பதினோரு வயது நெருங்கிவிட்டது. பதினோரு வயதுப் பையனை வைத்துக்கொண்டு ஜெயித்து என்ன செய்வது?

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். நாளைக்கே தூக்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. மிக்சி சத்தத்துக்கே பயப்படுகிற பிள்ளையை ஒரே நாளில் அவளுக்குத் தெரிந்த ஒரே மடியிலிருந்து பிடுங்கினால், பேருந்து நிலையத்தில் நான் செய்ததைவிட அது எந்த விதத்தில் மேல்? வாரம் இரண்டு தடவையாவது பார்க்கவிடுங்கள், அந்தப் பீரோ அறையில் வேண்டாம், அக்கா வீட்டிலேயே, அவர் முன்னாலேயே. அங்கே நான் கூழ் ஊட்டிப் பழகுகிறேன். அப்புறம் ஒரு பகல் என் வீட்டில், அப்புறம் ஒரு ராத்திரி, யாரை வேண்டுமானாலும் கூட அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதமோ நான்கு மாதமோ, எத்தனை என்று நீங்களே எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். எழுதிய நாள் முடிந்தால் அது முடிந்ததாக இருக்கட்டும். உங்கள் சட்டத்தின் 44ஆம் பிரிவே பெற்றவர் வளர்ப்பு வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்கிறது, வேண்டாம் என்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, பெற்றவர் தேறியபின் குழந்தை வீடு திரும்பலாம் என்கிறது. என் கோப்பில் அப்படிக் காரணம் எழுதிய தாளைத் தேடினேன், இல்லை.

என்னை இப்போது பார்க்கிற டாக்டரிடம் இன்றைய தேதியில் ஒரு கருத்து கேளுங்கள். கூப்பிட்டால் நேரில் வந்து சொல்வதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பணம் ஒரு காரணம் என்றால் அதற்கும் உங்களிடமே வழி இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புக் குடும்பத்துக்கு ஒரு குழந்தைக்கு மாதம் நாலாயிரம். அதே திட்டத்தில், பெற்ற வீட்டிலேயே பிள்ளை வளர்வதற்கான நிதி ஆதரவும் அதே நாலாயிரம்தான், கைவிடப்பட்ட தாய் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் முதல் வரிசையிலேயே இருக்கிறது. அடுத்த வீட்டில் வளர்க்க அரசு கொடுக்கிற காசை என் வீட்டில் வளர்க்கக் கொடுத்தால் கஜானாவுக்கு ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. கடையில் எனக்கு மாதம் பதினோராயிரம், வாடகை மூவாயிரத்தைந்நூறு. ஷீட் கூரைக்குக் கீழே தெர்மாகோல் அடிக்க வீட்டு ஓனர் சம்மதித்துவிட்டார், பாதிச் செலவு அவருடையது. பகலில் அங்கன்வாடி இரண்டு தெரு தள்ளி, டீச்சரிடம் பேசிவிட்டேன், இரண்டு வயது முடியட்டும் என்றார். அதுவரை பெரியம்மா. முட்டி வலிதான், ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்த முட்டி, அதில் ஒன்று நான்.

இதெல்லாம் முடியாது என்று நீங்கள் முடிவு செய்தால், அதையும் எழுத்தில், காரணத்தோடு கொடுங்கள். வளர்ப்புப் பராமரிப்பு ஆணைக்கு மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, முப்பது நாளுக்குள் போக வேண்டும். வாய்தாவுக்கு மேல்முறையீடு கிடையாது. இத்தனை மாதமாக எனக்குக் கிடைத்தது வாய்தா மட்டும்தான்.

நம் மாநிலம் 1992-லேயே சேலத்தில் தொட்டில் வைத்தது. முடியாதவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து கொல்லாமல் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று. எத்தனையோ உயிர் பிழைத்தது. வாங்குகிற கை நமக்கு அன்றைக்கே பழகிவிட்டது. திருப்பிக் கொடுக்கிற கைதான் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, எங்கே தப்பாகிவிடுமோ என்று. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எதுவும் நடந்தால் பேப்பரில் உங்கள் குழுதான் வரும். என் மனசுக்குள்ளும் அந்தப் பயம் உண்டு. இரண்டு ராத்திரி தொடர்ந்து தூக்கம் கெட்டால் மூன்றாம் நாள் காலை டாக்டர் வாசலில் நிற்பேன் என்று பெரியம்மாவிடமும் எதிர் வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போகாவிட்டால் அவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள், டாக்டர் நம்பர் இருவர் போனிலும் இருக்கிறது. இதையும் நிபந்தனையாக ஆணையில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கையெழுத்தை மட்டும்தான் என்னால் போட முடியும்.

அடுத்த விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு. பத்துக்கே வந்துவிடுவேன். டாக்டர் சீட்டு ஆறும், வாடகை ஒப்பந்தமும், சம்பளச் சான்றும், இந்த மடலின் ஐந்து நகலும் கையில் இருக்கும். காலண்டர் தாளை மட்டும் கொண்டுவரமாட்டேன். அது அடுப்படிச் சுவரில், உப்பு டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்